முதல் தட்டைப் பற்றி எழுதாமல் விட்டவை

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, திருடினேன். ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நான் எழுத்தர். அங்கே ஒரு விசாரணை நடந்தது. கேட்பவர் கேட்க, சொல்பவர் சொல்ல, நடுவில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. பதினோரு பக்கம் எழுதினேன். அந்தப் பதினோரு பக்கத்தில் வராத ஒரு விஷயம் என்னிடம் தங்கிவிட்டது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்ட விஷயம். ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதை நானே ஏற்கெனவே நினைத்தாகிவிட்டது.

கதை ஒரு சமையல்காரியைப் பற்றியது. தொழிற்சாலை உணவகத்தின் தலைமைச் சமையல்காரி, நாற்பத்து மூன்று வயது, நானூறு பேருக்குச் சமைப்பவள். எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த வாயிற்காவலருக்குக்கூட.

தொடக்கத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். முதலாவது இப்படி இருந்தது:

[அக்கா உள்ளே நுழைந்தால் சமையலறை சின்னதாகிவிடும்.]

எழுதிவிட்டு, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் அடித்துவிட்டேன். பதினோரு வருடமாக உணவக வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் சிரித்த அதே சிரிப்பு அது. அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

இரண்டாவது, அறுவை சிகிச்சை அறையில் தொடங்கியது. [வெள்ளை விளக்குக்குக் கீழே அவள்] அதற்குமேல் போகவில்லை. அந்த விளக்கு என்ன நிறமென்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவதும் நான்காவதும் வாசிக்க லாயக்கில்லை. ஆகவே தட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2

அக்கா அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், அந்த உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாய் நோயில் படுத்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் வரைக்கும் போனது. முடிவில் நிர்வாகமும் சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கதவைத் திறப்பதற்கு முன், அன்றைய சமையலில் ஒரு முழுத் தட்டைத் தலைமைச் சமையல்காரர் எல்லோர் கண்முன்னாலும் சாப்பிட வேண்டும். அதற்கு முதல் தட்டு என்று பெயர்.

பரிமாறும் மேடைக்குப் பின்னால் உயரமான ஒரு நாற்காலி. எதிரே கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே பசித்த வரிசை. பதினொன்றே முக்காலுக்கு அக்கா உட்காருவாள். பன்னிரண்டுக்குத் தட்டைக் கவிழ்த்துக் காட்டுவாள். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, இங்கேயே போட்டுவிடுகிறேன்: விசாரணைக்கு வந்த மருத்துவர் ஒரு விஷயம் சொன்னார். கெட்ட உணவு தன் வேலையைக் காட்டப் பல மணி நேரம் ஆகலாமாம். கால் மணி நேரத்தில் காலியாகும் ஒரு தட்டு எதையும் நிரூபிக்காது. அப்படியானால் இத்தனை வருடம் அது எதற்கு? எங்களுக்கு வருவது உனக்கும் வரும் என்பதற்காக. அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்களுக்கு அது போதுமாயிருந்தது.)

வரிசையில் எப்போதும் முதல் ஆள் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி. மதிய மணி அடிப்பதற்கு முன்பே வந்து நிற்பதால் அவருக்கு ‘பெல்லு’ என்று பட்டப்பெயர். கண்ணாடிக்கு வெளியிலிருந்து கத்துவார்.

“அக்கா, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க!”

“மிச்சம் இல்லன்னா என்னையே வெட்டிப் போட்டுடுறேன். மொத்த ஷிப்டுக்கும் வரும்,” என்பாள் அக்கா.

வரிசையே குலுங்கும். அடுத்தவர் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டால் வலி பாதிதான் என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தாள். மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை. ‘அக்கா உடம்பப் பாத்தாலே தெரியலையா, சாப்பாட்டுல குத்தமில்லன்னு’ என்று சங்கத் தலைவரே மேடையில் பேசியிருக்கிறார். அவள் உடம்பு அந்த உணவகத்தின் நற்சான்றிதழாக இருந்தது. அதை அவளைக் கேட்காமலே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

3

முழங்கால் இரண்டும் போய்விட்டன. சர்க்கரை மாத்திரையிலிருந்து ஊசிக்கு வந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. கணவர் உலுக்கி எழுப்பாத நாளில்லை. டயட்டு, நடை, கஷாயம், பட்டினி, ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. குறைந்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. இனி தள்ளிப்போட முடியாதம்மா, இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிடலாம், மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்கும் என்றார் மருத்துவர்.

வலிக்குமா என்று அவள் கேட்கவில்லை. “இத வெளிய சொல்லணுமா, டாக்டர்?” என்றுதான் கேட்டாள்.

இங்கே இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இதை அவள் என்னிடம் சொன்னபோது என் மனதில் முதலில் ஓடியது இரக்கமில்லை. ‘கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாமே’ என்பதுதான். மேலே அந்தப் பட்டியலைச் சொல்லி முடித்த பிறகும் அதுதான் ஓடியது. நான் கெட்டவனில்லை, சாதாரண ஆள். அவள் பயந்ததே சாதாரண ஆட்களுக்குத்தான்.

யாரிடம் சொல்வது என்று அவளும் கணவரும் பேசியதை இப்படி எழுதுகிறேன். பாதி அவள் சொன்னது, பாதி நான் போட்டுக்கொண்டது.

“ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, சொல்லிட்டேன்.”

“உங்க அண்ணிகிட்டயாவது சொல்லலாம்ல?”

“அண்ணிகிட்டச் சொல்றதுக்கு மைக்க வச்சுச் சொல்லிடலாம். ‘திங்கிறப்ப தெரியலையா’ன்னு மூஞ்சிக்கு நேராவே கேப்பாங்க.”

“எளைச்சா தெரியத்தானே போகுது? அப்பக் கேக்க மாட்டாங்களா?”

“பித்தப்பையில கல்லுன்னு சொல்லிக்கலாம். கல்லுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க.”

கணவர் பேருந்துப் பணிமனையில் இயந்திரப் பழுது பார்ப்பவர். ஒரு பொருளைத் திறந்தால் திறந்ததாகச் சொல்லிப் பழகியவர்.

“பாப்பாகிட்ட?”

பாப்பாவுக்குப் பதினைந்து வயது. அம்மாவின் உடம்புவாகு அப்படியே வந்திருந்தது. பள்ளிக்கூடப் படம் எடுக்கும்போதெல்லாம் கடைசி வரிசைக்குப் போய்விடுகிற பிள்ளை.

“அவகிட்ட எப்படிங்க சொல்றது? ‘அப்ப எனக்கும் வெட்டணுமாம்மா’ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்?”

பாப்பாவிடமும் கல் என்றே சொன்னார்கள்.

4

ஒரு மாத விடுப்பு முடிந்து அக்கா திரும்பினாள். மூன்று கரண்டிக்கு மேல் எதுவும் உள்ளே போகாது. அவசரப்பட்டால் வியர்த்து, நெஞ்சு அடைத்து, எல்லாம் மேலே வந்துவிடும். பதினொன்றே முக்காலுக்கு முழுத் தட்டு காத்திருந்தது.

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம். அக்காவுக்கு அடுத்த இடத்தில் சமைப்பவள் ஒருத்தி உண்டு. ஒல்லியாயிருப்பதால் குருவி என்பார்கள். என் முந்தைய பிரதியில் அக்கா குருவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். [“நீங்க சும்மா உக்காருங்கக்கா, இனிமே முதல் தட்ட நான் சாப்பிடுறேன்,” என்று குருவி அவள் கையைப் பிடித்துக்] அந்த இடத்தில் எனக்கே கூச்சமாகிவிட்டது. குருவி நல்லவள்தான். ஆனால் விடுப்பில் போன அக்காவைப் பற்றி, ‘கல்லாம் கல்லு, தின்னு தின்னு சேந்த கல்லு’ என்று அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அக்காவின் காதுக்கும் அது வராமல் இருந்திருக்காது. அக்கா குருவியிடம் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக இரண்டு கைத்துண்டுகளை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். ஒரு வாய் எடுப்பாள், மெல்லுவாள், வாயைத் துடைக்கிற சாக்கில் துண்டில் துப்பிவிடுவாள். சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிச் சாப்பிட்ட மாதிரி தோற்றம் உண்டாக்குவாள். குனிந்து எதையோ எடுப்பதுபோல் மிச்சத்தைக் காலடியில் இருக்கும் வாளியில் தள்ளிவிடுவாள். பன்னிரண்டுக்குத் தட்டைக் கவிழ்த்துக் காட்டுவாள். துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே துவைத்தாள். அவற்றை அலசும்போது அழுகை வந்தது என்றாள். பசியாலா என்று கேட்டேன். பசியே எடுப்பதில்லை, அசிங்கமாயிருந்தது என்றாள்.

எடை இறங்க ஆரம்பித்தது. வரிசை அதையும் விடவில்லை.

“என்னக்கா, கல்ல எடுத்தாங்களா, ஆளையே எடுத்துட்டாங்களா?” என்றார் பெல்லு.

“நடக்கிறேன்டா. தெனமும் ஒரு மணி நேரம்.”

எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சொன்ன அந்த வாரத்திலிருந்து எல்லோரும் அவளைப் பாராட்டத் தொடங்கினார்கள். ‘பாத்தியா, மனசு வச்சா முடியும்’ என்று ஒருவர் தன் மனைவிக்கு உதாரணம் காட்டினார். பாப்பாவும் அம்மாவோடு நடக்கிறேன் என்று காலணி மாட்டிக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். அம்மாவுக்கு மட்டும் இறங்கியது. பாப்பா இரண்டு மாதம் நடந்துவிட்டு, “எனக்கு மனசு இல்லைம்மா போல,” என்று காலணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். எனக்குக் கதையிலேயே தாங்க முடியாத இடம் இதுதான். இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் காரணமில்லை.

5

மிச்சமாகும் இறைச்சிக் குழம்பை அகலத் தட்டுகளில் பரப்பி, ஆற வைத்து, குளிர் அறையில் வைக்க வேண்டும். ஆழமான அண்டாவில் அப்படியே விட்டால் நடுவில் சூடு தங்கும், கெட்டுப்போகும். சமையலறையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

அன்று மாலை அக்காவுக்குத் தலை சுற்றியது. காலையிலிருந்து நான்கு வாய் தண்ணீரும் ஒரு கரண்டி சத்துமாவுக் கரைசலும்தான் உள்ளே போயிருந்தது. குருவி வெளியே பொருள் வாங்கப் போயிருந்தாள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் பரப்பலாம் என்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தவள், எழுந்தபோது நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். குழம்பு அண்டாவிலேயே இருந்தது. காலையில் அவள் வந்து பார்த்தபோது குருவி அதை ஏற்கெனவே அடுப்பில் ஏற்றியிருந்தாள், கொதித்துக்கொண்டிருந்தது. அக்காவே பரப்பி ஆற வைத்துத் திரும்ப அண்டாவில் ஊற்றியிருப்பாள் என்று குருவி நினைத்திருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து குருவி பரப்பியிருப்பாள் என்று அக்கா நினைத்தாள். அப்படி நினைக்க விரும்பினாள் என்பது சரியாக இருக்கும்.

முதல் தட்டில் ஒரு வாய் மென்றபோது புளிப்பு தட்டியதா? தட்டியது என்கிறாள். ஆனால் சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு எல்லாமே புளித்தது. தண்ணீர் இரும்பாய் ருசித்தது, சோறு சோப்பாய் இருந்தது. தன் நாக்கை நம்பலாமா என்று யாரையாவது கேட்கலாமென்றால், யாரிடம் கேட்பது? துண்டில் துப்பினாள். தட்டைக் கவிழ்த்தாள். கதவு திறந்தது.

மறுநாள் பொழுது விடிவதற்குள் அறுபத்திரண்டு பேர் படுத்தார்கள். பெல்லுவுக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்திருக்கிறது. அதை அவரும் வேலையிடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

6

அக்காவை விசாரித்த அன்று அறையில் நான்கு பேர் இருந்தோம். அதிகாரி, சங்கத் தலைவர், அக்கா, நான். சங்கத் தலைவர்தான் கேட்டார்.

“அறுபத்திரண்டு பேர் படுத்தோம். அதுல நானும் ஒருத்தன். முழுத் தட்டு சாப்பிட்ட உங்களுக்கு எப்படிக்கா ஒண்ணுமே ஆகல?”

அக்கா மென்று விழுங்கினாள். இந்த இடத்தில் இப்படி எழுதக்கூடாதுதான், ஆனால் வேறு சொல் வரவில்லை.

“சாப்பிட்டேனுங்க.”

“சாப்பிட்டா வந்திருக்கணும்ல?”

அப்போது அதிகாரிக்குத் தொலைபேசி வந்தது. மருத்துவமனையிலிருந்து. அவரும் சங்கத் தலைவரும் வெளியே போனார்கள். பத்து நிமிடம். நானும் அவளும் மட்டும். அவள் என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வயிறு, துண்டு, வாளி, பாப்பாவின் காலணி. கை பழக்கத்தில் நான் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

“ஐயோ, அத எழுதாதீங்க. அடிச்சுடுங்க.”

“அக்கா, இதச் சொன்னாதான் உங்களுக்கு நல்லது. வேணும்னு பண்ணலன்னு தெரியும்ல?”

“தெரிஞ்சா? சாயங்காலத்துக்குள்ள ஃபேக்டரி பூரா தெரியும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல என் பொண்ணுகிட்டக் கேப்பாங்க. ‘உங்கம்மா வயித்த வெட்டிக்கிட்டாங்களாமே, நீ எப்ப’ன்னு. வேணாம் தம்பி. அடிச்சுடுங்க.”

அடித்தேன். கீழே இருப்பது தெரியாதபடி அடித்தேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

இருவரும் திரும்பி வந்தார்கள். சங்கத் தலைவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அக்கா இம்முறை நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். அதை எழுதியதும் நான்தான், ஏழாம் பக்கத்தில் இருக்கிறது:

“வாயில வச்சதுமே கெட்டிருக்குன்னு தெரிஞ்சுது. துப்பிட்டேன். நானூறு பேருக்கு மறுபடி எங்க சமைக்கிறதுன்னு சாப்பிட்ட மாதிரி காட்டிட்டு அனுப்பிட்டேன்.”

சங்கத் தலைவர், “சீ,” என்றார். அந்த ஒரே ஒரு எழுத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

கொலைகாரி என்று சொன்னாலும் பரவாயில்லை, சிரிக்க வேண்டாம் என்று ஒரு மனுஷி முடிவு செய்ததை நான் நேரில் பார்த்தேன். பார்த்துவிட்டு, தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்து வாங்கினேன்.

7

மூன்று நாள் கழித்து, வேலைநீக்கக் கடிதம் அவளுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், பெல்லுவிடம் வாக்குமூலம் வாங்க என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் பேசும் நிலையில் இல்லை. வெளியே நீள இருக்கையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். விசாரணையில் என்ன பேசப்பட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அக்கா.

நான் இருக்கையின் மறுமுனையில் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பெல்லுவின் மனைவி ஒரு டப்பாவைத் திறந்து ரொட்டியைப் பிய்த்தாள். அக்காவை அவள் கடைசியாகப் பார்த்தது சிகிச்சைக்கு முன்பு. இப்போது அந்தத் தளர்ந்த மேல்சட்டையை, எலும்பு தெரியும் மணிக்கட்டைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

“எல்லாரும் வந்தாங்கக்கா. பாத்தாங்க, போனாங்க. நீங்க ஒருத்திதான் எங்க வீட்டுக்காரர நெனச்சு நெனச்சு இப்படி உருகிப்போயிருக்கீங்க. பாதி ஆளாயிட்டீங்களே. எத்தன நாளாச்சு சாப்பிட்டு? இந்தாங்க, எனக்காக ஒரு வாய்.”

ரொட்டித் துண்டை அக்காவின் வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

8

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் அடிக்காமல் தருகிறேன்.

ஒன்று: அக்கா உண்மையைச் சொல்கிறாள். அந்தப் பெண் ரொட்டியை அவள் முகத்தில் எறிகிறாள். [“உன் உடம்புக்காக எம் புருசனா?”] வாசகர்களுக்குப் பிடிக்கும். குற்றத்துக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடலாம்.

இரண்டு: சொல்கிறாள். அந்தப் பெண் கட்டிக்கொள்கிறாள். [“இதுக்கா இத்தன பயந்தீங்க? என்கிட்டச் சொல்லியிருந்தா] இதுவும் பிடிக்கும். ஆனால் உள்ளே ஒருவர் குழாய்களோடு கிடக்கும்போது யாரும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை.

மூன்று: ரொட்டியை வாங்கிச் சாப்பிடுகிறாள். பிறகு கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுக்கிறாள். அங்கே யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் பழையபடி.

மூன்றிலும் ஒரே தப்பு. நான் அவளைத் தண்டிக்கிறேன், அல்லது மன்னிக்கிறேன், அல்லது ஒளித்து வைக்கிறேன். விசாரணை அறையிலும் வரிசையிலும் செய்ததையேதான் இங்கும் செய்கிறேன்.

நான் அந்த இருக்கையில்தான் இருந்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லும் தெரியும். எழுதப் போவதில்லை. மற்ற எல்லாவற்றையும் அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன், இதையாவது விட்டுவிடுகிறேன்.

பெல்லுவின் மனைவியையும் இங்கிருந்து எழுப்பிவிடுகிறேன். பாவம், அவள் உள்ளே போய்க் கணவரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ரொட்டித் துண்டு இப்போது உங்கள் கையில். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, வயிறு, துண்டு, அண்டா, அறுபத்திரண்டு பேர். அவள் எதையும் சொல்வதற்கு முன், எதிரில் இருப்பவர் சொல்லத்தக்க ஆள்தானா என்று பார்ப்பாள். நாற்பத்து மூன்று வருடமாக அப்படித்தான் பார்த்து வருகிறாள்.

இன்னும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.